டன்னிங் என்பவரின் கடன்

கதவைத் திறந்தவள் கோட்டு அணிந்திருந்தாள்.
வெளியே கிளம்புகிறீர்களா என்றேன்.
இல்லை, இப்போதுதான் வந்தேன்,
வந்து நாலு மணி நேரமாகிறது என்றாள்.

கிரிம்ஸ்பியில் பிப்ரவரி.
கடல் பக்கத்து வாடை
எனக்கு முன்னால் உள்ளே நுழைந்துவிட்டது.

என் பையில்
கதவிடுக்கில் ஒட்டும் பஞ்சுப் பட்டை, இரண்டு பல்பு,
அறக்கட்டளையின் படிவம்,
பதினெட்டுக்குக் கீழே போனால் நீலமாகும்
ஒரு வெப்ப அட்டை.
அதை மேசைமேல் வைத்தேன்.
வைத்ததும் நீலம்.
அது யோசிக்கக்கூட இல்லை.

கேனர் ஸ்டப்ளி. மீன் ஆலையில் இரவு வேலை.
பனிக்கட்டிக்குள் கைவிட்டு
ஹாடக் மீனைத் தோலுரிக்கிறவள்.
"அங்கே குளிருக்குக் கையுறை தருகிறார்கள்,
மணிக்கு இவ்வளவென்று கூலியும் தருகிறார்கள்.
இங்கே குளிருக்கு நான் தர வேண்டியிருக்கிறது."
மீன் விற்ற காசு நாறாதாம்.
நாறாது, சரி. சில்லிடும்.

படிவத்தை வாசித்தேன்.
கெட்டிலில் தேவையான அளவு மட்டும் ஊற்றுகிறீர்களா?
கோப்பையால் அளந்து.
பயன்படுத்தாத அறைகளை மூடிவைக்கிறீர்களா?
பயன்படுத்துகிற அறையே ஒன்றுதான்.
துணி துவைப்பது முப்பது டிகிரியில்...
கையால்.
பேனாவை மூடினேன்.
சிக்கனத்தில் பட்டம் வாங்கியவளிடம்
அரிச்சுவடி கொண்டுவந்திருக்கிறேன்.

மாடியில் அலமாரிக்குப் பின்னால்
பூஞ்சை ஒரு கறுத்த தேசப்படம் வரைந்திருந்தது.
அதன் கரை
ரீஸின் தலையணைவரை வந்துவிட்டது.
ஒன்பது வயது.
இன்ஹேலரைக் கையுறைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச்
சூடாக்கிவிட்டு உறிஞ்சுகிறான்.

மீட்டர் படிக்கட்டுக்கு அடியில்.
முன்பணம் போட்டால்தான் விளக்கெரியவிடும் பெட்டி.
சொல்லிவிடுகிறேன்: பதினோரு வருடம்
நீதிமன்ற ஆணையோடும் பூட்டுத் திறப்பவனோடும் போய்
வீடு வீடாக இந்தப் பெட்டியைப் பொருத்தியவன் நான்.
இதையும் நானே பொருத்தியிருக்கலாம்.
திருகாணிகளைப் பார்த்தேன். ஞாபகமில்லை.
அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

பொத்தானை அழுத்திக்கொண்டே போனால்
கடைசித் திரைகளில் ஒன்றில் ஒரு வரி இருக்கும்,
யாரும் அவ்வளவு தூரம் அழுத்துவதில்லை.
கடன் பாக்கி. வாரப் பிடித்தம்: ஆறு பவுண்டு.
"எனக்கு எங்கே கடன்?" என்றாள்.
"வந்த நாளிலிருந்து
ஒரு பென்னி நிறுத்திவைத்ததில்லை."

நாற்பது நிமிடம் தொலைபேசியில் வயலின்.
பிறகு ஒரு குரல், அந்தக் குரலில் ஒரு பெயர்:
ஆர். டன்னிங்.
இதே வீட்டில் முன்பு இருந்தவர்.

பதினான்கு மாதமாக
ஒவ்வொரு திங்கட்கிழமையும் இவள் போட்ட பத்தில்
டன்னிங் முதலில் வந்து ஆறை எடுத்துக்கொண்டு
நாலை இவர்களுக்கு விட்டுப் போயிருக்கிறார்.
திருப்பித் தருவார்களாம். எட்டு வாரமாகுமாம்.
ஆனை வாய்க் கரும்பு என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.
அதுவரைக்கும் இது என்று
நாற்பது பவுண்டுச் சீட்டை நீட்டினேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"அவனுக்கும் குளிர்ந்திருக்கும்" என்றாள்.
"ரீஸ் அறை ஜன்னல் சந்தில் செருகியிருக்கிற காகிதம்
நாங்கள் வரும்போதே இருந்தது.
நன்றாகத்தான் செருகியிருந்தான், நான் எடுக்கவில்லை."

பட்டையை ஒட்டுவதற்காக அதை உருவினேன்.
மஞ்சளேறிய செய்தித்தாள்.
கால்பந்து முடிவுகள், ஒரு கார் விளம்பரம்,
ஓரத்தில் பேனாவால் போட்ட கூட்டல்:
எட்டு, பன்னிரண்டு, பதினைந்து,
அடியில் இரண்டு கோடு.
விடை எழுதாமல் விட்டிருந்தது.

"முப்பத்தைந்து" என்றாள் கேனர்,
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து,
முக்கால் கோப்பைத் தேநீரை
என் கையில் வைத்தபடி.